சாய்ந்த எழுத்தில் என் பெயர்

8 ஜூன் 2002, சனி

சிங்கப்பூரிலிருந்து ஆல்பர்ட் அனுப்பிய உறை வந்துவிட்டது. உள்ளே மூன்று டிஜிட்டல் கேமராக்களின் விளம்பரத் தாள்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவன் பேனாவால் எழுதியிருக்கிறான்: ‘இது பழசு’, ‘இது பரவாயில்லை’, ‘இது உனக்கு ஓவர்’. அக்காளுக்கு எது ஓவர் என்று தம்பிகளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. கூடவே ஒரு கேலி வேறு: என் கடிதத்தைப் படிக்கத் தலையைச் சாய்த்து அவனுக்குக் கழுத்து வலிக்கிறதாம். என் கையெழுத்து வலப்பக்கம் சாயும். சாயட்டும்.

கேமரா வேண்டியது ஆசைக்காக இல்லை. ஏழு வருடமாகக் காட்டுக் காசித்தும்பைகளின் பின்னால் அலைகிறேன். மற்ற செடிகளைத் தாளுக்கிடையில் வைத்து அழுத்தினால் நூறு வருடம் ஆனாலும் முகம் மாறாது. தும்பையை அழுத்தினால் மூன்றாம் நாள் அழுகிய கீரை. இதழ் எது, வால் எது, நிறம் என்ன, ஒன்றும் மிஞ்சாது. உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்தால்தான் உண்டு. ஃபிலிமில் எடுத்துப் பார்த்தாயிற்று. மதுரைக்கு அனுப்பி மூன்று வாரம் காத்திருந்தால் நீல ஊதா எல்லாம் ரோஸ் நிறமாக வந்து நிற்கிறது. போன வருடக் கருத்தரங்கில் ஒருவர், மேடத்துக்கு நிறக்குருடு உண்டா என்று பக்கத்து நாற்காலியில் கேட்டார். என் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

9 ஜூன், ஞாயிறு

கோவில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினேன். இவர் கறிக்குழம்புக் கையோடு எட்டிப் பார்த்தார்.

ஒன்று, ஃபிளாப்பியில் பதியும் கேமரா. செங்கல் மாதிரி இருக்கிறது. படம் சுமார். ஒரு ஃபிளாப்பிக்கு ஏழெட்டுப் படம். இரண்டாவது, மூன்று மெகாபிக்ஸல். பூவுக்கு இரண்டு சென்டிமீட்டர் பக்கத்தில் போய் எடுக்கலாம். அதற்குத் தபால்தலை அளவில் ஒரு நினைவு அட்டை, பதினாறு மெகாபைட். நல்ல தரத்தில் எடுத்தால் பத்துப் படத்தோடு நிரம்பிவிடும். மூன்றாவதைப் பற்றி எழுத மாட்டேன், ஆல்பர்ட் சொன்னது சரிதான்.

“ஃபிளாப்பியே வாங்கு,” என்றார் இவர். மின்வாரிய அலுவலகத்தில் இருபது வருடம் கோப்புக் கட்டியவர். “பஸ் ஸ்டாண்டு கடையில கூட ஃபிளாப்பி கெடைக்கும். எடுத்த படம் ஒன் பீரோவுக்குள்ள இருக்கும். அந்த அட்டை நெறஞ்சா எங்கன கொண்டு கொட்டுவ?”

“படம் தெளிவா வேணுமா, பீரோவுல வேணுமா?” என்றேன். கையைக் கழுவப் போய்விட்டார்.

10 ஜூன், திங்கள்

வடிவிடம் தாள்களைக் காட்டினேன். சண்முகவடிவும் நானும் ஒரே வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். இப்போது ஒரே கல்லூரியில், தாவரவியல் துறையில் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் டாக்டர் சண்முகவடிவு ஆகிவிட்டாள். நான் இன்னும் திருமதி ஜெபமணி, எம்.ஃபில். ஆய்வுப் பதிவுக் காலம் முடிந்து நீட்டிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, இணைய வசதியோடு.

“ஃபிளாப்பியா? நம்ம ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிச்சிரும்ட்டி. சின்ன அட்டைக் கேமராவே வாங்கு. படத்த எடு, நேரா எங்க வீட்டுக்கு வா, கம்ப்யூட்டர்ல எறக்கிட்டு அட்டையத் தொடச்சிட்டுப் போ. அடுத்த வாரம் மறுபடி எடு. எங்க வீடு என்ன மலைக்கு அங்கிட்டா இருக்கு?”

ஆல்பர்ட் இன்னொரு பெரிய அட்டையும், பென் டிரைவ் என்று புதிதாக வந்திருக்கும் ஒரு சாமானும் சேர்த்து வாங்கச் சொல்லியிருந்தான். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். வடிவு இருக்கும்போது எனக்கு எதற்கு?

21 ஜூலை, ஞாயிறு

கேமரா வந்தது. முதல் படம் அடுக்களை ஜன்னலில் கறிவேப்பிலைத் தொட்டி. இரண்டாவது இவர் மூக்கு. இரண்டு சென்டிமீட்டரில் எடுத்தால் மூக்கு பாபநாசம் மலை அளவு இருக்கிறது. உடனே அழிக்கச் சொன்னார். அழிக்க ஒரு பொத்தான். அழிந்ததா என்று இரண்டு முறை கேட்டார்.

24 ஜூலை, புதன்

நாலு பென்சில் பேட்டரி, இருபது நிமிடத்தில் காலி. சார்ஜ் ஏற்றும் வகை வாங்க வேண்டும். கறி மசால் பொடி, சோப்பு, மாமா கண் சொட்டு மருந்து.

12 ஆகஸ்ட், திங்கள்

துறையின் உலர்செடித் தொகுப்பில் பழைய தாள்களைச் சரிபார்த்தேன். 1961இல் யாரோ ஒரு தும்பைக்குத் தவறான பெயர் எழுதியிருக்கிறார்கள். பழைய சீட்டைக் கிழிக்கவோ அடிக்கவோ கூடாது, அது எங்கள் தொழிலின் ஒழுக்கம். அதற்குக் கீழே ஒரு சின்னத் திருத்தச் சீட்டு ஒட்டி, சரியான பெயரையும், திருத்தியவர் பெயரையும், தேதியையும் எழுத வேண்டும். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும். ஒட்டினேன்.

மாணவி ஒருத்தி கேட்டாள், புதுச் செடி கண்டுபிடித்தால் நம் பெயரையே வைக்கலாமா மிஸ் என்று. கூடாது. சட்டம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் வைத்தால் உலகத்தில் உள்ள தாவரவியல்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள். ஊர் பெயர் வைக்கலாம், மலை பெயர் வைக்கலாம், அடுத்தவர் பெயர் வைக்கலாம். செடியின் பெயர் சாய்ந்த எழுத்தில் வரும். அதை முதலில் வெளியிட்டவர் பெயர் அதற்குப் பின்னால் நேர் எழுத்தில் நிற்கும். எனக்கு வேண்டியது அந்த நேர் எழுத்து. ஏழு வருடமாக அது ஒன்றுதான் வேண்டும். மாணவியிடம் இதைச் சொல்லவில்லை.

7 செப்டம்பர், சனி

சாய்ந்த எழுத்து இன்று இன்னும் சாய்கிறது.

காலையில் காரையாறுக்கு மேலே ஏறினேன். கூட வனக்காவலர் தவசி. நடுவழியில் அவர்தான் சொன்னார்: “டீச்சர், வழுக்குப் பாறையில ஊதாவா ஒண்ணு கெடக்கு. நீங்க தேடுத சாதியான்னு பாருங்க. நான் நாலு வருசமா பாக்கேன்.” தண்ணீர் கசியும் பாறை. பாசி. முட்டி போட்டுத்தான் போக முடிந்தது.

ஊதா. உண்மையான ஊதா. தொண்டைக்குள் இரண்டு மஞ்சள் கோடு, வால் மேல்நோக்கி வளைந்து நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. அப்படி ஒரு வால் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்குப் புத்தகம் எல்லாம் மனப்பாடம். இல்லவே இல்லை.

இடது கையால் பூவைப் பிடித்துத் தொண்டையை விரித்து, வலது கையால் எடுத்தேன். படத்தில் என் கட்டைவிரல் விழும். விழட்டும், பூ எவ்வளவு சிறியது என்று தெரியும். கட்டைவிரலில் பிறை மாதிரி ஒரு தழும்பு, முதல் வருடம் தண்டைச் சீவும்போது சவரக்கத்தி இறங்கியது. தாவரவியல் படித்த எல்லோருக்கும் எங்காவது ஒன்று இருக்கும். பத்துப் படத்தோடு அட்டை நிரம்பிவிட்டது. இரண்டு செடியை அழுத்த எடுத்துக்கொண்டேன்.

நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். இறங்கும் வழியெல்லாம் தவசியிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “சரி டீச்சர்,” என்றார்.

8 செப்டம்பர், ஞாயிறு

வடிவு வீடு. படங்களை இறக்கினாள். திரை முழுவதும் என் பூ. வடிவு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

“ஏட்டி, புதுசுட்டி இது! நெசமாவே புதுசு!”

இரண்டு பேரும் அழுதோம். அவள் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

அட்டையைத் துடைத்தாகிவிட்டது. முழுப் படம் ஒன்றுகூட ஃபிளாப்பியில் ஏறவில்லை, என் கேமரா எடுப்பது அத்தனை கனம். வடிவு எல்லாவற்றையும் சுருக்கி ஒரே ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தாள். “பெரிசு இங்கன பத்திரமா கெடக்கும். பாக்கதுக்கு இது போதும்.” போதும்.

10 செப்டம்பர், செவ்வாய்

பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை. வடிவு கொழுக்கட்டை கொடுத்துவிட்டாள். தேங்காய்ப் பூரணம் கொஞ்சம் தூக்கல்.

22 செப்டம்பர், ஞாயிறு

நேற்று இரண்டாவது முறை ஏறினேன். விதைப்பையையும் இலையின் பின்பக்கத்தையும் எடுத்தேன். வடிவிடம் இறக்கி, துடைத்து, சுருக்கி, வாங்கி வந்தேன். துறைத் தலைவர் டாக்டர் கருணாகரன் சாரிடம் அழுத்திய தாள்களைக் கொடுத்தேன். தொகுப்பறைச் சாவி அவரிடம்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “அவசரப்படாதீங்க மேடம். நல்லா ஒப்பிட்டுப் பாப்போம்,” என்றார். பெரியவர்கள் நிதானமாகத்தான் இருப்பார்கள்.

3 அக்டோபர், வியாழன்

காய்ச்சல். டைபாய்டு என்கிறார்கள்.

6 அக்டோபர், ஞாயிறு

எழுந்து உட்கார முடிந்தது. இவர் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். வடிவு கஞ்சியும் நார்த்தங்காயும் கொண்டு வந்தாள். மத்தியானம் முழுவதும் கூட இருந்தாள். சிக்குப் பிடித்துக் கிடந்த தலையை எண்ணெய் வைத்துச் சீவிப் பின்னிவிட்டாள். கட்டுரை பற்றிக் கவலைப்படாதே, நல்லபடியாக வரும் என்றாள். நாலு மணிக்குக் கிளம்பினாள். எனக்கு அக்கா தங்கை கிடையாது. கூடப் பிறந்தவள் இருந்திருந்தாலும் இப்படிச் செய்திருக்க மாட்டாள்.

30 அக்டோபர், புதன்

கட்டுரை அனுப்பியாயிற்று. அதோடு சுருக்கிய படங்கள். பெயர் மலையின் பெயர். நன்றி என்ற இடத்தில் கருணாகரன் சார், வடிவு, வனத்துறை ஊழியர்கள், என் கணவர். இவருக்கு எதற்கு என்றால், மூக்கைக் கொடுத்தாரே.

19 நவம்பர், செவ்வாய்

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து பதில். பூ புதிதாகத்தான் தெரிகிறது, ஆனால் அழுத்திய செடியில் பூ சிதைந்திருப்பதால் படம்தான் ஆதாரம், இந்தப் படங்கள் அச்சுக்குப் போதாது, மூலப் படங்களை அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார். புதிதாகத் தெரிகிறதாம்! ஓடிப்போய் வடிவிடம் சொன்னேன். நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்றாள்.

20 நவம்பர், புதன்

வடிவு கல்லூரிக்கு அழுத கண்ணோடு வந்தாள். கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. போன வாரம் இடி இடித்தபோதே போயிருக்கிறது, என்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லையாம். ஒன்றும் மீட்க முடியாது என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டாராம்.

“என்னைய மன்னிச்சிருட்டி ஜெபா. ஒன் மொகத்துல எப்படி முழிப்பேன்னே தெரியல.”

அவள் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்தான் தேற்றினேன். இடிக்கு நீ என்ன செய்வாய் என்றேன். கேன்டீனில் உளுந்த வடையும் காபியும் வாங்கிக் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினேன். அப்புறம் போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன்.

22 நவம்பர், வெள்ளி

இவர் சாப்பிடும்போது கேட்டார்: “டிஸ்க்கு போனா எல்லாம்தான போகும்? ஒன் படம் மட்டுமா போகும்? நேத்து வடிவு வீட்டுக்காரரப் பாத்தேன், மகன் பழைய கேம்ல ஏதோ பெரிய ஸ்கோர் எடுத்துட்டான்னு பெருமை பேசுதாரு.”

எனக்கு வந்ததே கோபம். மீன்வாரிய ஆட்களுக்கு எல்லாவற்றிலும் திருட்டுக் கனெக்‌ஷன்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். மின்வாரியம் என்று எழுத நினைத்து மீன்வாரியம் என்று எழுதியிருக்கிறேன், அத்தனை கோபம்.

25 நவம்பர், திங்கள்

இடைத்தேர்வு வினாத்தாள் வந்தது. வடிவு வீட்டில் தட்டச்சு செய்த போன வருடத் தாளே, தேதி மட்டும் மாற்றி, அதே எழுத்துப் பிழைகளோடு. அவளிடம் ஒரு பழைய அச்சுப் பிரதி இருந்திருக்கும், அதைப் பார்த்து மறுபடி அடித்திருப்பாள்.

2 டிசம்பர், திங்கள்

தும்பை இனி அடுத்த மழைக்குத்தான் பூக்கும். ஆசிரியருக்கு எழுதிவிட்டேன், அடுத்த செப்டம்பரில் புதுப் படம் அனுப்புகிறேன் என்று. கருணாகரன் சாரும் அதைத்தான் சொன்னார். “பூ எங்க மேடம் ஓடிறப் போகுது?”

14 ஜனவரி 2003, செவ்வாய்

ஆய்வுப் பதிவு நீட்டிப்பு கிடைக்கவில்லை. புதிதாகக் கண்டுபிடித்த செடி ஒன்று வெளியாகி இருந்தால் கொடுத்திருப்பார்களாம்.

30 ஏப்ரல், புதன்

வடிவுக்குப் பதவி உயர்வு நேர்காணல் வருகிறதாம். நாட்டுக்கு வெளியே மதிக்கிற கட்டுரை ஒன்று வேண்டுமாம். என்ன எழுதுகிறாய் என்றேன். என்னமோ புல்லைப் பற்றி என்றாள். மாம்பழம் கொண்டு வந்திருந்தாள், நறுக்கிச் சாப்பிட்டோம்.

19 ஜூலை, சனி

மழை ஏமாற்றுகிறது. தவசி ஃபோன் பூத்திலிருந்து பேசினார்: “பாறையில தண்ணி இல்ல டீச்சர். இந்த வருசம் பூக்குமான்னு தெரியல.” கேமராவை எடுத்துத் துடைத்து வைத்தேன். ஆல்பர்ட்டிடம் பெரிய அட்டை கேட்டு எழுதினேன்.

23 ஆகஸ்ட், சனி

நூலகத்தில் புது இதழ் வந்திருந்தது. என் கட்டுரையை அனுப்பினேனே, அந்தப் பத்திரிகை இல்லை. வேறு, இதைவிடப் பெரியது.

அட்டையிலேயே என் பூ.

நின்றபடியே பார்த்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். இதழின் நரம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. மஞ்சள் கோட்டில் ஒட்டிய மகரந்தம் தெரிகிறது. போன செப்டம்பரில் அவள் வீட்டுத் திரையில் ஒருமுறை பார்த்த அதே தெளிவு. பூவின் அடியில் ஒரு கட்டைவிரல். பிறைத் தழும்பு. நகக்கண்ணில் பாசி. விரல் ரேகையை எண்ணலாம்.

அழிந்துபோன படம்.

உள்ளே கட்டுரை. கருணாகரன், சண்முகவடிவு. நேர் எழுத்தில். அவர்களுக்கு முன்னால் செடியின் பெயர், சாய்ந்த எழுத்தில்: இம்பேஷன்ஸ் ஜெபமணியே. இம்பேஷன்ஸ் என்றால் காசித்தும்பை. பெண் பெயரில் செடி என்றால் லத்தீனில் இப்படித்தான் முடிப்பார்கள். அடிக்குறிப்பில், ‘இம்மலைத் தும்பைகளுக்காக அயராது உழைக்கும் திருமதி ஜெபமணியைப் பாராட்டும் விதமாக’.

என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

நூலகர் ஓடிவந்து, “மேடம், ஒங்க பேர்ல பூவாம்லா! ஸ்வீட் எங்க?” என்றார்.

25 ஆகஸ்ட், திங்கள்

முழு ஞாயிறும் இவரிடம்கூடச் சொல்லவில்லை. இன்று ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வடிவின் மேசைக்கு எதிரே போய் நின்றேன். அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தவள் மாதிரி எழுந்து வந்து கட்டிப்பிடித்தாள்.

“சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதாண்ட்டி சொல்லல.”

“படம் அழிஞ்சிட்டுன்னியே.”

“சென்னைக்கு அனுப்பி எடுத்தோம். சார்தான் ஏற்பாடு பண்ணாரு.”

“எப்ப?”

“அது... மார்ச்சுல. ஒன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“நான் எடுத்த படம் வடிவு. நான் முட்டி போட்டுப் போயி எடுத்தது. அதுல இருக்கது என் வெரலு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது. “ஒனக்கு ரெஜிஸ்ட்ரேஷனே போச்சு ஜெபா. ஒன் பேர்ல போட்டா எவன் மதிப்பான்? சார் பேர் இருந்ததுனாலதான் அந்தப் பத்திரிகையில எடுத்தான். பூ வெளிய வந்துச்சா இல்லியா? அதுவும் ஒன் பேர்லல்லா வச்சிருக்கேன்! என் பேரையா வச்சிக்கிட்டேன்?”

“ஒன் பேர ஒன்னால வச்சிக்க முடியாதுல்லா,” என்றேன்.

நானும் அவளும் ஒரே ஆசிரியையிடம் படித்தவர்கள். என் பெயரைச் செடிக்குக் கொடுத்துவிட்டால் அந்தச் செடிக்கு நான் சொந்தம் கொண்டாடவே முடியாது என்று அவளுக்குத் தெரியும். நான்தான் எழுதினேன் என்று இனி வாய் திறந்தால், தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட பைத்தியக்காரி ஆவேன். பேசாமல் இருந்தால் பாராட்டுப் பெற்ற பாக்கியவதி. திருடியதை எனக்கே பரிசாகக் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

கருணாகரன் சாரிடமும் போனேன். “குடும்பப் பொம்பளைங்க ஒங்களுக்குள்ள பேசித் தீத்துக்கோங்க மேடம். என்ன இருந்தாலும் பேரு நிலைச்சிருச்சு, அதப் பாருங்க,” என்றார்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

இவரிடம் சொன்னேன். ‘நான் அப்பவே சொன்னேன்லா’ என்று சொல்லுவார் என்று பயந்தேன். சொல்லவில்லை. இரண்டு தோசை ஊற்றிக் கொண்டு வந்து வைத்தார், ஒன்று கருகல். “ஃபிளாப்பி கேமரா வாங்கியிருந்தா படம் மங்கலா இருந்திருக்கும்,” என்றார் கடைசியில். “ஆனா ஒன் பீரோவுல இருந்திருக்கும்,” என்பதை நான்தான் சொன்னேன்.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம். விழா. மேடையில் பூவின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்தார்கள். என் கட்டைவிரல் ஒரு குழந்தை அளவு. தழும்பு தெரிந்தது. கூடத்தில் எண்ணூறு பேர், ஒருவர் கண்ணிலும் விரல் படவில்லை. எல்லோரும் பூவைத்தான் பார்க்கிறார்கள்.

வடிவு எனக்குப் பொன்னாடை போர்த்தினாள். ஒலிபெருக்கியில் தழுதழுத்தாள். தோழிக்குத் தன்னால் முடிந்த சின்னக் காணிக்கை என்றாள். பிறகு வண்ணத்தாள் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியைக் கையில் வைத்தாள். “அவ எடுத்த படங்க எல்லாம் இதுல இருக்கு,” என்று சொல்லிவிட்டு என் காதுக்குள், “இனிமே கோவம் வேண்டாம்ட்டி,” என்றாள். கைதட்டல். என்னை ஏற்புரைக்கு அழைத்தார்கள். மைக் முன்னால் நின்றேன். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். என்னை நான் வெறுத்த நாள் இது.

பெட்டிக்குள் பென் டிரைவ். கட்டைவிரல் நீளம். அறுபத்துநாலு மெகாபைட்.

7 செப்டம்பர், ஞாயிறு

இன்றோடு ஒரு வருடம்.

கோவிலுக்குப் போகவில்லை. சமாதானபுரத்தில் புதிதாகத் திறந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் பென் டிரைவைச் செருகச் சொன்னேன். உள்ளே ‘தும்பை’ என்று ஒரே கோப்புறை. வடிவு எப்போதுமே இப்படித்தான், பிரித்துப் பார்க்கப் பொறுமை கிடையாது, விடுதியிலும் பெட்டியோடு பெட்டியாகத்தான் எதையும் தூக்குவாள். கோப்புறையை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறாள். என் இருபது படங்களும் இருந்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு கட்டுரைக் கோப்புகள். கடைசியாகத் திருத்திய தேதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில்.

முதல் கோப்பு, 9 செப்டம்பர் 2002. நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுததற்கு அடுத்த நாள். திறந்தேன். ஆசிரியர்கள்: ஜெபமணி, சண்முகவடிவு. என் பெயர் முதலில். எனக்குச் சொல்லாமல், எனக்காக எழுத ஆரம்பித்திருக்கிறாள். முதலிலேயே திருடி என்றால் தாங்கியிருப்பேன்.

இரண்டாவது கோப்பு. ஆசிரியர்கள்: கருணாகரன், சண்முகவடிவு. செடியின் பெயர்: ஜெபமணியே. தேதி, 6 அக்டோபர் 2002. நேரம், மாலை 4:52. சென்னையும் இல்லை, மார்ச்சும் இல்லை, இடியும் இல்லை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினேன். அக்டோபர் 6 என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை, நோட்டுக்கு இருந்தது. கஞ்சி. நார்த்தங்காய். தலை சீவியது. நாலு மணிக்குக் கிளம்பினாள். என் தலை எண்ணெய் கையில் இருந்திருக்கும். வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாளோ இல்லையோ, உட்கார்ந்து என் பெயரை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைத்திருக்கிறாள்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கத்தான் கை போனது. கிழிப்பது எங்கள் வழக்கம் இல்லை.

பையிலிருந்து திருத்தச் சீட்டுக் கட்டையும் பசையையும் எடுத்தேன். ஒட்டுவதற்கு முன் நோட்டை முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்தேன், வேறு தவறு இருக்கிறதா என்று. இருந்தது. போன வருடம் இதே தேதி. ‘நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.’ அதற்கு நாலு வரி மேலே, நாலு வருடமாகப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னதை நானே எழுதி வைத்திருக்கிறேன். என் கட்டுரையில் அவர் ‘வனத்துறை ஊழியர்கள்’. வீட்டில் கிடந்த மூக்குக்குத் தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

முதல் சீட்டை அங்கே ஒட்டினேன்: ‘கண்டவர் தவசி. படம் எடுத்தவர் ஜெபமணி.’

பென் டிரைவை பீரோவில், இவர் கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். நாளை அந்த இரண்டு கோப்புகளையும் தேதியோடு அச்சடித்து, இரண்டு பத்திரிகைகளுக்கும் அனுப்புவேன். பைத்தியக்காரி என்று சொன்னால் சொல்லட்டும். பெயரை மாற்ற முடியாது, அது எனக்குத் தெரியும். ஒரு தடவை வெளியான பெயர் வெளியானதுதான். உலகம் உள்ளவரை நான் சாய்ந்த எழுத்துதான்.

இரண்டாவது சீட்டை அக்டோபர் 6இன் கீழே ஒட்டி எழுதினேன்:

‘கஞ்சி, நார்த்தங்காய், தலை சீவியது, யாவும் சரி. கூடப் பிறந்தவள் என்று அடையாளம் கண்டது தவறு. திருத்தியவர்: ஜெபமணி. 7.9.2003.’

பெயர் எழுதும்போது மட்டும் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, நேராக எழுதினேன்.